எழுந்து நின்றது என் கால்தான், நான் இல்லை

அன்புள்ள பெரியவனுக்கு,

உன் அம்மா எழுதுவது. நலமாக இருக்கிறேன் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், ஆகவே நலமாக இருக்கிறேன். நீயும் மருமகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இனி உட்கார்ந்துகொண்டு படி. கையில் காப்பி இருந்தால் கீழே வைத்துவிடு.

உன் மகளுக்கு அந்த வேஷம் கிடைக்கவில்லை.

உடனே போனை எடுக்காதே. பாட்டு நாடகத்தில் முதல் வேஷம் கிடைத்தால் இங்கேயே படிக்கட்டும், இல்லையென்றால் திங்கட்கிழமை வந்து பல் டாக்டரிடம் நோயாளிகளுக்கு நம்பர் கொடுக்கிற வேலையில் சேரட்டும் என்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. அவளுக்குத் துணையாக மூன்று வாரம் என்னை இங்கே அனுப்பியதும் நீதான். துணைக்குப் போனவளே கெடுத்துவிட்டாள் என்று நீ சொல்வதற்கு முன் நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாவதுவரை படித்தவள்தான், ஆனால் கண்ணால் பார்த்ததைக் கூட்டிக் குறைக்காமல் எழுதத் தெரியும்.

பாட்டு நாடக வகுப்பு ஒரு கண்ணாடிக் கடையின் மாடியில். இருபத்திரண்டு படி. பியானோவின் மேல் கம்பளியைப் போர்த்திவைத்திருக்கிறார்கள், கீழே கடைக்காரர் கத்துகிறாராம். டீச்சர் என் தோளுக்குத்தான் வருவாள், கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருக்கும். நாடகத்தில் அக்காக்காரி வீட்டைவிட்டு ரயிலேறிவிடுகிறாள். தங்கை பிளாட்பாரத்தில் நின்று பாடுகிறாள். "இறங்கி வா அக்கா" என்று பாட்டில் மூன்று இடத்தில் வருகிறது. அந்தத் தங்கை வேஷம்தான் முதல் வேஷம். உன் மகள் குரலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மேல் ஸ்தாயியில் அவள் நிறுத்திப் பிடித்தால் தெருவில் போகிறவன் நின்றுவிட்டுத்தான் போவான். ஆனால் அந்த டீச்சர் இரண்டு வாரமாக இவளை ஒரு வரி முழுசாகப் பாட விடவில்லை.

"நிறுத்து. உனக்கு என்ன வேணும்?"

"நல்லா பாடணும் டீச்சர்."

"அது உனக்கு வேணும். அந்தத் தங்கச்சிக்கு என்ன வேணும்?"

"அக்கா இறங்கணும்."

"அப்ப ஏன் சுவத்தைப் பாத்துப் பாடற? சுவரா ரயில் ஏறிச்சு?"

இப்படித்தான். ராகத்தை எடுத்துவிட்டு வார்த்தையை மட்டும் பேசச் சொல்வாள். கை தானாக மேலே போனால், "யாரு கயிறு கட்டி இழுக்கறா?" என்பாள். ஒரே வார்த்தையை மூன்று தடவை கேட்டால் மூன்றும் வேறு வேறாகக் கேட்க வேண்டுமாம். ஒரு தடவை அதட்டு, பலிக்கவில்லையா, ஆசை காட்டு, அதுவும் பலிக்கவில்லையா, வேறு வழி தேடு, ரயில் கிளம்பப்போகிறது என்பாள். பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கே விளங்கிவிட்டது. உன் மகள் மூன்றையும் ஒரே மாதிரி, ஆனால் ரொம்ப அழகாகப் பாடினாள்.

நேற்று புதன்கிழமை ஆளைத் தேர்ந்தெடுக்கும் நாள். கடைசியில் நின்றது உன் மகளும் நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் இன்னொரு பெண்ணும். அக்காவாக நாற்காலியில் உட்காரவேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். டீச்சர் நேராக என்னிடம் வந்தாள்.

"பாட்டிம்மா, நீங்கதான் அக்கா."

"எனக்கு எழுபத்திரண்டு வயசும்மா."

"அக்காவுக்கு வயசாகக் கூடாதா? உட்காருங்க. இறங்கணும்னு தோணினா மட்டும் எழுந்திருங்க. பாவம் பாத்து எழுந்திருக்கக் கூடாது."

நான் எழுந்தால் பாட்டு பலித்தது என்று அர்த்தம். அதாவது உன் மகளின் தலையெழுத்தைத் தூக்கி என் முட்டியில் வைத்துவிட்டாள். சாப்பாட்டுப் பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன் மகள் வந்து நின்றாள், வாயைத் திறந்தாள், நான் எழுந்துவிட்டேன்.

"பாட்டிம்மா, ரயிலே இன்னும் வரல. உட்காருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். உன் மகள் சிரிக்கவில்லை. மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை அவசரப்படக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முதல் "இறங்கி வா" போனது. இரண்டாவது போனது. மூன்றாவதில் அவள் மேலே ஏறிப் பிடித்தாளே, ஆகா, என் பேத்தி என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், பாட்டு முடிந்துவிட்டது, நான் உட்கார்ந்தேயிருக்கிறேன். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை.

அப்புறம் நெட்டை வந்தாள். அவளுக்கு ஜலதோஷம் வேறு, குரல் கரகரவென்று கிடந்தது. முதல் "இறங்கி வா" அதட்டல். இரண்டாவது, வீட்டில் ஏதோ வாங்கி வைத்திருப்பதுபோல. மூன்றாவது வந்தபோது பாடவே இல்லை, பாதித் திரும்பி, வராவிட்டால் போ என்பதுபோல வாய்க்குள் சொன்னாள். சரியாக அந்த நேரம் பார்த்து என் இடது கால் மரத்துப்போய்விட்டது. உதறலாம் என்று எழுந்தேன். சாப்பாட்டுப் பை கீழே விழுந்து டப்பா உருண்டு பியானோவுக்கு அடியில் போனது. டீச்சர் பென்சிலை உருவி என்னவோ எழுதினாள். ஐந்து மணிக்குக் கதவில் ஒட்டிவிட்டார்கள்: தங்கை, நெட்டை. உன் மகள் மூன்றாவது பயணி. அவளுக்கு மொத்தமே ஒரு வசனம்தான், "கொஞ்சம் நகருங்க."

நான் விடுவேனா? "கால் மரத்துப்போனதுக்கெல்லாம் வேஷம் கொடுப்பீங்களாம்மா? நியாயமா?" என்று படியிலேயே மறித்துக் கேட்டேன். டீச்சர் குனிந்து என் இடது காலைப் பார்த்தாள். "அப்படின்னா தப்புதான். வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு ரெண்டு பேரும் மறுபடி பாடட்டும். நீங்களே உட்காருங்க" என்றாள். வீட்டுக்கு வந்தோம். உன் மகள் தட்டைக் கழுவிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பாட்டி, நெசமாவே கால்தானா?"

"கால்தான்டி கண்ணு."

அவ்வளவுதான். அதன் பிறகு நேற்றும் இன்றும் ஒரு வார்த்தை இல்லை.

அதனால் பெரியவனே, நாளை பத்து மணிக்கு என்ன ஆனது என்று தெரியும்வரை நீ ஒன்றும் முடிவு செய்யாதே. பல் டாக்டரிடம் பொறுக்கச் சொல். இது உத்தரவு. கேட்க மாட்டாயா, சரி, நான் திரும்பி வந்த பிறகு ஒரு வருஷத்துக்கு டிவி ரிமோட்டைத் தொடமாட்டேன். அதற்கும் மசிய மாட்டாயா? மூன்றாவது விதமாக எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. நடந்தது முழுக்க முழுக்க என் இடது காலின் குற்றம்.

நம் வீட்டில் எல்லோரும் நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிட்டு, நெடுங்காலம் இருக்க வேண்டும் என்று கும்பிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை மதியம். மேலே எழுதியதில் காலைப் பற்றியது அத்தனையும் பொய். கால் மரக்கவில்லை. அந்தப் பெண் மூன்றாவது தடவை சொன்னபோது, இனி இவள் என்னைக் கூப்பிடவே மாட்டாள் என்று பயந்து எழுந்தேன், எழுந்தது தெரியாமலே. இன்று அந்த நாற்காலியில் மறுபடி உட்கார முடியவில்லை, எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். உன் மகள் அழுவாள் என்று பார்த்தேன். "எனக்கு அன்னைக்கே தெரியும் பாட்டி. உங்க வாயால வரட்டும்னு இருந்தேன்" என்றாள். வீட்டுக்கு வந்ததும் என்னைச் சமையலறையில் உட்காரவைத்து, நெட்டை என்ன செய்தாள், எப்போது திரும்பினாள், கண் எங்கே இருந்தது என்று எட்டுத் தடவை சொல்லவைத்தாள். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். மூன்றாவது பயணியாகவே இருக்கிறாளாம், ஆனால் திங்கட்கிழமை பல் டாக்டரிடம் வரமாட்டாளாம். அவளுக்காக நான் உன்னிடம் கேட்டதையெல்லாம் அடித்துவிடச் சொன்னாள், எழுதின கைக்கு மனசு வரவில்லை, அப்படியே இன்றைய கூரியரில் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் அவளே வருகிறாள். என்ன கேட்கப்போகிறாள் என்பதை நான் எழுதக் கூடாதாம். நீ அவள் முகத்தைப் பார்த்து, முழுசாகக் கேட்டுவிட்டுப் பதில் சொல். பாதியில் குறுக்கே பேசுகிற பழக்கம் உனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு.