கண்ணில் காரம்

கரகரத்த போனில் டீச்சர் சொன்னதில் அவன் காதில் விழுந்தது இவ்வளவுதான்: “பாப்பா கண்ணுல... காரம்... சீக்கிரம் வாங்க.” அதோடு இணைப்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டான். எடுக்க ஆளில்லை.

மற்றவர்களுக்குக் காரம் என்றால் மிளகாய். அவனுக்கு வேலை, தரை கழுவும் திரவம் தயாரிக்கும் ஆலையின் சோதனைக்கூடத்தில். அங்கே காரத்துக்கு வேறு அர்த்தம். அவன் தலைக்கு மேலேயே எச்சரிக்கைப் பலகை தொங்கியது. அமிலம் பெரும்பாலும் பட்ட இடத்தோடு நிற்கும். காரம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போகும். கழுவிய பிறகும் அடிபட்ட செல்கள் ஆபத்து ஆபத்து என்று செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். காப்பாற்ற ஓடிவரும் வெள்ளையணுப் படையே கண்ணை வீங்கவைத்துக் கெடுக்கும்.

பாப்பாவுக்கு அப்படியே அவள் அம்மாவின் கண்கள். அம்மா போன பிறகு வீட்டில் மிஞ்சியவை அவைதான்.

ஆட்டோவில் ஏறியதும் பள்ளிக்கூட வாட்ச்மேனைப் போனில் பிடித்தான்.

“பாப்பா சிரிச்சிக்கிட்டுல்ல நிக்குது சார்?”

“வெளிய தெரியாதுண்ணே. குழாயடிக்குக் கூட்டிட்டுப் போய்க் கண்ணைக் கழுவுங்க. கால் மணி நேரம். அழுதாலும் விடாதீங்க.”

அழுதாள். போனிலேயே கேட்டது. அவன் முகத்தைப் பார்த்த ஆட்டோக்காரர் தானாகவே வேகத்தைக் கூட்டினார்.

“சார், கறுப்பா வழியுது.”

பலகையில் கறுப்பைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இன்னொரு கால் மணி நேரம் என்றான்.

“தண்ணிக்குப் போக மாட்டேங்குது சார். சோப்புப் போட்டுட்டேன். இப்பதான் கண்ணு நல்லாச் சிவந்திருக்கு.”

“சோப்பே காரம்தாண்ணே!”

வாட்ச்மேன் சற்று யோசித்துவிட்டு, அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார். மறுபடி முதலிலிருந்து கழுவச் சொன்னான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது பாப்பா தெப்பமாக நனைந்திருந்தாள். தலையிலிருந்த அட்டைக் கிரீடம் ஊறிக் காதில் தொங்கியது.

“எரியுதுப்பா. இந்த மாமா விடவே மாட்டேங்குறாரு.”

அவன் மண்டியிட்டு இமைகளை விரித்துப் பார்த்தான். வெள்ளை விழி ரத்தமாகச் சிவந்திருந்தது. கருவிழி மட்டும் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. பிழைத்தது என்று மூச்சு விட்டான்.

கையில் மைத் தூரிகையோடு டீச்சர் ஓடிவந்தார். பாப்பாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“ஒரு மணி நேரம் உக்காந்து போட்டது சார். ‘பாப்பா கண்ணுல அலங்காரம் முடிஞ்சிருச்சு, நாடகம் பார்க்கச் சீக்கிரம் வாங்க’ன்னுதானே சொன்னேன்?”