ஓட்டில் விழுந்த உதை

"அந்தக் குதிகால் நான்தான் சார்" என்று சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது தன் வாய்தான் என்பது மெக்கானிக்குக்கு உறைத்தது.

எதிர் சோபாவில் இருந்த பிசியோதெரபிஸ்ட், கையிலிருந்த டீக் கோப்பையை மெதுவாக மேஜைமேல் வைத்தார். பிஸ்கட் தட்டோடு பக்கத்தில் நின்ற அவருடைய மகள், 'அடப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டே' என்று கண்ணாலேயே கேட்டாள்.

"நீங்களா? மூணு வருஷமா என்னை உதைச்சுத் தள்ளுற குதிகால்... நீங்களா தம்பி?"

"ஆமா சார்" என்றான் மெக்கானிக். நாக்கில் சனி உட்கார்ந்துவிட்டால் அது ஒரு வார்த்தையோடு எழுந்து போகுமா என்ன?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை. லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறவர்களிடம், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேசுவது அவன் தொழிலில் பாதி. கோளாறு என்னவென்று புரிகிறதோ இல்லையோ, "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன், என்னன்னு தெரிஞ்சுபோச்சு" என்று முதலில் சொல்லிவிட வேண்டும். கருவிப்பெட்டியைத் திறப்பதெல்லாம் அப்புறம். பத்து வருஷமாக இதே பழக்கம். எதிரே யாராவது முகம் சிவந்து மூச்சு வாங்கினால் போதும், அவன் வாய் அவனைக் கேட்காமலே ஆறுதல் சொல்லிவிடும்.

பிசியோவின் மகள் பாப்பாவை அவன் பார்த்ததும் அப்படித்தான். இருபத்தெட்டு வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். பல் மருத்துவமனைக்கு வேலைக்குப் போகிற வழியில் இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். கதவு வழியாக இவன் பேசினான். கதவு திறப்பதற்குள் பாதிக் காதல் முடிந்துவிட்டது. மீதிப் பாதிக்கு அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "எங்கப்பா சரின்னு சொல்லணும். அவர் முடியாதுன்னா என்னால வர முடியாது. ஒரு டீ குடிக்கிற நேரத்துல ஆளை எடை போட்டுடுவார், ஜாக்கிரதை."

அந்த டீக்குத்தான் இன்று வந்திருந்தான்.

பிசியோவுக்குக் கீழே கிளினிக், மேலே வீடு. வேலை போக மிச்ச நேரமெல்லாம் பூதக்களம். பூதங்களை வளர்த்து மோதவிடுகிற வீடியோ விளையாட்டு. இதுவரை ஆறு பாகம் வந்திருக்கிறது, ஆறையும் கரைத்துக் குடித்தவர். வந்தவனிடம் சம்பளம் கேட்கவில்லை, குடும்பம் கேட்கவில்லை. நேரே புலம்பலுக்குப் போய்விட்டார்.

"ஒருத்தன் இருக்கான் தம்பி. குதிகால்னு பேரு வெச்சுக்கிட்டு நெட்ல ஆடறான். யாரு, என்ன, ஒண்ணும் தெரியாது. நான் ஆட உட்கார்ந்தாப் போதும், மூக்குல வேர்த்த மாதிரி வந்து நிப்பான். வான்தாவல் உதைன்னு ஒரு அடி இருக்கு. பட்டுச்சுன்னா எதிரி காலி. தவறிடுச்சுன்னா உதைச்ச பூதமே குப்புற விழும், அதோட உசிருல பாதி போயிடும். புத்தி உள்ளவன் எவனும் அந்தப் பட்டன் பக்கமே போகமாட்டான். இவன் அதைத் தவிர வேற எதையும் அடிக்கிறதில்லை! மூணு வருஷம்! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தவறியிருக்கணுமே! கிடையாது! அவன் மூஞ்சிய ஒரு தடவை பார்த்தாக்கூட என் மனசு ஆறிடும்..."

முகம் சிவந்தது. மூச்சு வாங்கியது. கை நெஞ்சுக்குப் போனது. அவ்வளவுதான், மெக்கானிக்கின் வாய் திறந்துகொண்டது. மற்றது உங்களுக்குத் தெரியும்.

பிசியோ எழுந்தார். அடிக்க வருகிறார் என்று மெக்கானிக் நினைத்தான். கட்டிப்பிடித்தார்.

"தம்பி! இப்பவே ஒரு ஆட்டம்! நேருக்கு நேர்!" என்று அலமாரியிலிருந்து இரண்டு கன்ட்ரோலரை எடுத்து ஒன்றை நீட்டினார்.

மெக்கானிக் அந்தச் சாமானைக் கடை ஜன்னலில் பார்த்திருக்கிறான். அதில் எது தலை, எது கால் என்று தெரியாது.

"ஆடலாம் சார்... ஆனா மணிக்கட்டு சுளுக்கிக்கிச்சு" என்றான்.

அதை அவன் யாரிடம் சொன்னான் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

"அப்படியா! காட்டுங்க" என்று பிசியோ கன்ட்ரோலரைப் போட்டுவிட்டுக் கையைப் பிடித்தார். "இங்க வலிக்குதா?"

"ஆ!"

"நான் இன்னும் அமுக்கவே இல்லையே?"

"அமுக்கினா வலிக்கும்னு... முன்கூட்டியே சார்."

"பொதுவா ஆடறவங்களுக்கு வலி மணிக்கட்டுல வராது தம்பி. கட்டைவிரல் அடியில வரும்."

"அங்கயும்தான் சார்" என்றான் மெக்கானிக் அவசரமாக. "அங்கதான் ஜாஸ்தி."

"பார்த்தீங்களா! என் வீட்டுக்காரிக்கும் அதே இடந்தான். இஸ்திரி போட்டுப் போட்டு வந்தது. தினமும் நான்தான் நீவி விடறேன். அந்தப் பெட்டியைக் கொஞ்ச நாள் தொடாதேன்னா காதுலயே வாங்க மாட்டேங்கிறா."

"துணி தானா மடிஞ்சுக்குமா?" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. பாப்பாவின் அம்மா. டீ கொடுத்துவிட்டு, துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு அப்போதே உள்ளே போனவர். "பாவம், அந்தத் தம்பியை விடுங்களேன். வந்த பிள்ளைக்கு வைத்தியம் பார்த்துக்கிட்டு."

விடுவாரா? கையை நீவினார், முறுக்கினார், இழுத்தார். நன்றாக இருந்த கை இப்போது உண்மையாகவே வலித்தது. பிறகு ஒட்டும் பட்டை ஒன்றை எடுத்துக் கட்டைவிரல் நுனியிலிருந்து முழங்கை வரை சுற்றினார். பாப்பா சிரிப்பை அடக்கப் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டாள்.

'தப்பித்தேன்' என்று மெக்கானிக் மூச்சு விட்டபோது, பிசியோ டிவியைப் போட்டார்.

"கையை அசைக்கக் கூடாது, சரி. வாய் நல்லாத்தானே இருக்கு? நீங்க சொல்லுங்க, நான் அமுக்கறேன். குதிகால்கிட்டயே பாடம்! எவனுக்குக் கிடைக்கும்?"

உள்ளறைக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. இந்தக் கூச்சலை யார்தான் தாங்குவார்கள்.

திரையில் பெயர்ப் பட்டியல் வந்தது. பிசியோ பட்டியலில் கீழே இறங்கிக்கொண்டே போனார். சட்டென்று நின்றார். குதிகால் என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி பளிச்சென்று எரிந்தது.

"தம்பி."

"சார்."

"குதிகால் இப்ப ஆடறதுக்கு வந்திருக்கானே."

"ஓ."

"நீங்க இங்க இருக்கீங்களே?"

பாப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"அது... என் தம்பி சார். நான் இல்லாதப்போ என் பேர்ல உள்ள போய் ஆடுவான்."

"நீங்க ஒரே பையன்னு பாப்பா சொன்னாளே?"

"சித்தப்பா பையன்."

பிசியோ அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். ஆளை எடை போடுகிற பார்வை. மெக்கானிக் அசடு வழியச் சிரித்து வைத்தான். அவர் திரையில் எழுத ஆரம்பித்தார். எழுதியதைச் சத்தமாகப் படித்தும் காட்டினார்: "உன் அண்ணன் என் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார். தெரியுமா?"

முடிந்தது கதை. எங்கேயோ இருக்கிற எவனோ ஒருவன், 'எந்த அண்ணன்? என்ன உளறல்?' என்று பதில் போடப் போகிறான். பாப்பா கைநழுவிப் போகப் போகிறாள். எந்த லிஃப்டிலும் இப்படி அவன் மாட்டிக்கொண்டதில்லை. வெளியே நின்று 'பயப்படாதீங்க' என்று சொல்ல ஓர் ஆள் இல்லையே என்று இருந்தது.

பதில் வந்தது.

"அப்படியா? அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்."

மெக்கானிக் பேயறைந்தவன் மாதிரி திரையைப் பார்த்தான். பாப்பாவைப் பார்த்தான். அவள் கையில் போனும் இல்லை, ஒன்றும் இல்லை. வாயில் பாதி பிஸ்கட்தான் இருந்தது.

"தங்கமான பையனா இருக்கானே!" என்றார் பிசியோ. முகம் தெளிந்துவிட்டது. "சரி, வர்றியான்னு கேட்டேன், சரின்னுட்டான். தம்பி, இப்ப பாருங்க வேடிக்கையை. அவன் ஆடறது உங்க பூதம். அதோட பலவீனம் உங்களுக்குத் தெரியாததா? சொல்லுங்க!"

ஆட்டம் தொடங்கியது. ஒரு பக்கம் பிசியோவின் பாறை ஆமை. மறுபக்கம் நெட்டைக் கால்களோடு குதிகாலின் பூதம், நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தது. மேலே ஒரு கடிகாரம் குறைந்துகொண்டே வந்தது.

"என்ன அமுக்கட்டும்? கல்லெறியா? சேற்றுக் குழியா?"

மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"தம்பி, நேரம் போகுது! உதைக்கத் தயாராகுது பாருங்க! சீக்கிரம்! எதை அமுக்க?"

பிசியோவின் முகம் சிவந்தது. மூச்சு வாங்கியது. மெக்கானிக்கின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எதையும் அமுக்காதீங்க! எந்தப் பட்டனையும் தொடாதீங்க! கையை எடுத்துட்டுச் சுவரோரமா சாய்ஞ்சு நில்லுங்க! மூச்சை மெதுவா விடுங்க!"

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, பிசியோ கன்ட்ரோலரைச் சோபாவில் போட்டுவிட்டு நிஜமாகவே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றார்.

கட்டளை எதுவும் வராததால் ஆமை இங்கும் அங்கும் பார்த்தது. பிறகு தலையையும் காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. வானளவு எகிறிய உதை ஓட்டில் விழுந்து, வழுக்கி, நெட்டைக்கால் பூதம் மூக்கு தரையில் இடிக்கக் குப்புற விழுந்தது. அதன் உயிர்க்கோடு பாதியாகக் குறைந்தது.

"தவறிடுச்சு!" என்று சுவரோரமிருந்து பிசியோ கத்தினார். "பாப்பா! தவறிடுச்சு! பார்த்தியா!"

"அசையாதீங்க சார்!"

அசையவில்லை. பூதம் எழுந்தது. மறுபடியும் எகிறியது. மறுபடியும் ஓட்டிலேயே வந்து விழுந்தது. இந்த முறை எழுந்திருக்கவில்லை. திரை முழுக்க வெற்றி என்று வண்ண வண்ணமாக வந்தது.

பிசியோ துள்ளிய துள்ளலில் கீழே கிளினிக்கில் ஏதோ உருண்டு விழுந்தது.

"சும்மா இருந்து ஜெயிச்சேன் பாப்பா! மூணு வருஷமா இது தோணலையே! வர்ற பேஷன்டுக்கெல்லாம் 'கொஞ்சம் ஆட்டாம அசைக்காம இருங்க'ன்னு நானே சொல்றேன், எனக்கு நான் சொல்லிக்கலையே!" கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. மெக்கானிக்கின் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க பூதத்தோட ரகசியத்தை எனக்காக விட்டுக் குடுத்தீங்களே தம்பி. எவன் செய்வான்? எனக்குச் சம்மதம். பாப்பாவை உங்களை நம்பிக் குடுக்கலாம்."

பாப்பாவின் முகம் மலர்ந்தது. மெக்கானிக்குக்கும் சந்தோஷம்தான். அப்படியே வெட்கமாகவும் இருந்தது. நம்பிக் கொடுக்கிறேன் என்கிறாரே மனுஷன்.

"சார், ஒரு விஷயம் சொல்லணும்..."

"அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்லுங்க! அதுக்குள்ள கை சரியாயிடும், நான் பொறுப்பு. அப்புறம் நீங்களும் நானும் நேருக்கு நேர், ஒவ்வொரு ஞாயிறும்!" என்றபடியே போனை எடுத்துக்கொண்டு, இந்தச் செய்தியைத் தன் அண்ணனுக்குச் சொல்ல பால்கனிக்கு ஓடினார்.

பாப்பா கிட்டே வந்து கிசுகிசுத்தாள். "யாரு அது? நிஜமாவே உன் சித்தப்பா பையனா?"

"எனக்குச் சித்தப்பாவே கிடையாது."

"அப்புறம்?"

"எனக்கென்ன தெரியும்! நீயோன்னு பார்த்தேன், நீ பிஸ்கட் தின்னுட்டு இருந்தே. எவனோ மகராசன், முன்னப் பின்னத் தெரியாதவனைக் காப்பாத்தியிருக்கான். அது கிடக்கட்டும், அடுத்த ஞாயித்துக்கிழமை நான் என்ன பண்ணுவேன்? உங்கப்பாகிட்ட உண்மையைச் சொல்லிடறேன்."

"சொன்னா இப்பச் சொன்ன சம்மதமும் போயிடும்."

"சொல்லாட்டி ஞாயித்துக்கிழமை போயிடும்."

இருவரும் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தபோது உள்ளறைக் கதவு திறந்தது. பாப்பாவின் அம்மா துணிக்கூடையோடு வந்தார். துணிகள் உள்ளே போனபோது எப்படிக் கசங்கிக் கிடந்தனவோ அப்படியே கிடந்தன. கூடையைக் கீழே வைத்தார். பால்கனியை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு மெக்கானிக்கின் பக்கத்தில் உட்கார்ந்து, வலது கையை அவன்முன் நீட்டினார்.

"மாப்பிள்ளை, அந்தப் பட்டையைக் கழட்டி என் கட்டைவிரல்ல சுத்துங்க, மூணு வருஷமா அவரை உதைச்சு உதைச்சு வந்த வலியைக்கூடத் தாங்கிட்டேன், இன்னைக்கு உங்களுக்காக ரெண்டு தடவை வேணும்னே தவறவிட்டேன் பாருங்க, அதைத்தான் தாங்க முடியலை."