சந்தனம் வைத்த வாக்கி-டாக்கி

பூசணிக்காய் தயார். அதன் தலையில் கற்பூரம் தயார். உடைக்க வேண்டிய மேனேஜரைத்தான் காணோம்.

படப்பையிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை அடிக்கும் கம்பெனி அது. 1991ஆம் வருட ஆயுத பூஜை அங்கே பத்து மணிக்கே தொடங்கியிருக்க வேண்டும். மெஷின்களெல்லாம் குளித்து, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டிக்கொண்டு நின்றன. தொழிலாளர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. கேன்டீன் பாஞ்சாலி அவித்த சுண்டலின் வாசனை எல்லோருடைய பொறுமையையும் சோதித்துக்கொண்டிருந்தது. கூம்பு ஸ்பீக்கர் அதே பக்திப் பாட்டை மூன்றாம் முறையாகப் பாடியது.

மேனேஜர் ஆபிரகாம் வருஷா வருஷம் தன் கையால் பூசணிக்காய் உடைப்பார். உடைக்கிறவர் மாதா கோயிலுக்குப் போகிறவர் என்பது பற்றி அந்தப் பூசணிக்காய்க்கோ தொழிலாளர்களுக்கோ எந்த வருத்தமும் இருந்ததில்லை. அவருக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் சொன்னபடி தினமும் காலையில் ஏரிப் பக்கம் நடந்துவிட்டு அரை மணியில் திரும்புவார். இன்று எட்டரைக்குப் போனவர் பதினொன்றாகியும் வரவில்லை.

அவர் மனைவி செல்வமேரி, செக்யூரிட்டி சூப்பர்வைசர் தணிகாசலத்தின் முன்னால் வந்து நின்றார்.

"தணிகாசலம், சார் ஏரிய விட்டா வேற எங்கயாவது போவாரா?"

"சத்தியமா இல்ல மேடம். ஏரி, அத விட்டா ஆபீஸ்."

"பயமா இருக்கு. நீங்க மிலிட்டரியில பனிமலையில காணாமப் போனவங்களையெல்லாம் தேடிப் புடிச்சவராமே? ஏதாவது செய்யுங்க."

தணிகாசலம் நெஞ்சை நிமிர்த்தினார். பனிமலைக் கதை அவர் இன்டர்வியூவில் சொன்னது. சொல்லி ஆறு மாதத்தில் அது நன்றாக வளர்ந்துவிட்டது. அந்த ஆறு மாதமும் தற்காலிக வேலை. இன்று பூஜை முடிந்ததும் மேனேஜர் முடிவு சொல்லுவார்: ஒன்று, தணிகாசலம் நிரந்தரம். இல்லாவிட்டால் மெட்ராஸிலிருந்து ஒரு ஏஜென்சி வந்து கேட்டைப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது வரிசையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்த தணிகாசலத்தின் மனைவி கனகம், நிரந்தரமாகிவிட்டதாகவே குன்றத்தூரில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

"வாக்கி-டாக்கிய எடுங்கய்யா!" என்றார் தணிகாசலம்.

கம்பெனியில் வாக்கி-டாக்கி மொத்தம் இரண்டு. வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. விடியற்காலையில் தணிகாசலமே அவற்றைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, பயபக்தியோடு சந்தனம் அப்பி, குங்குமம் வைத்திருந்தார். எலக்ட்ரீஷியன் தாவீது ஒன்றை எடுத்துப் பார்த்து முகம் சுளித்தான்.

"சார், பட்டன் மேல சந்தனம் கட்டியா கெடக்கு. பேசறப்ப எரியற செவப்பு லைட்டு மேல குங்குமம். ஒரு துணியால தொடச்சிக் குடுக்கறேன்."

"சாமிக்கு வெச்சதத் தொடைக்கிறதா? ஒரு ஆளத் தேடிப் போற நேரத்துல? அபசகுனம்யா! கை வெக்காத."

"இல்ல சார், பட்டன் வந்து..."

"தாவீது, மிலிட்டரியில நான் பாக்காத பட்டனா? நான் சொல்றதக் கேளு. ஒரு செட்டு உன்கிட்ட, ஒண்ணு என்கிட்ட. என் பேரு சிங்கம். உன் பேரு மல்லிகை. பட்டன அமுக்கினா நாம பேசறது அங்க கேக்கும். வுட்டாத்தான் அவங்க பேசறது நமக்குக் கேக்கும். முடிச்சதும் ஓவர் சொல்லணும்."

"எனக்கு ஏன் சார் மல்லிகை?"

"சிங்கம் ஏற்கெனவே ஒண்ணு கீதே."

செல்வமேரி குறுக்கிட்டார். "சேதி வந்தா எனக்கு உடனே கேக்கணும் தாவீது."

"அதுக்கு நான் வழி பண்றேன் மேடம்" என்றான் தாவீது.

பகல் வாட்ச்மேன் மாரியைக் கூட்டிக்கொண்டு தணிகாசலம் கேட்டுக்கு நடந்தார். கேட்டில் திரும்பி நின்று, எல்லோரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, பட்டனை உள்ளே போகிற அளவுக்கு அழுத்தினார்.

"சிங்கம் கெளம்பிடுச்சு. ஓவர்!"

தாவீதின் கையிலிருந்த செட்டு கரகரவென்று அதையே சொன்னது. கூட்டம் கை தட்டியது. தணிகாசலம் செட்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு சாலையைக் கடந்தார்.

ஐந்து நிமிடம் நடந்ததும் அவருக்கு மறுபடி பேச ஆசை வந்தது. "மல்லிகை, மல்லிகை, சிங்கம் பேசறேன். கேக்குதா? ஓவர்."

செட்டு மூச்சு விடவில்லை.

"மல்லிகை!"

"செத்துப் போச்சா சார்?" என்றான் மாரி. ஐம்பது வயதாகியும் அவனுக்கு நல்ல வார்த்தையாகத் தேடிப் பேச வரவில்லை.

"பேட்டரி தீந்துடுச்சு போல. இல்லாட்டி அந்தத் தாவீது சுண்டலுக்குப் பின்னால போயிருப்பான். சோம்பேறிப் பய. அவன வெச்சிக்கினு ஒரு கோழியக்கூடத் தேட முடியாது."

"இப்ப எங்க சார் தேடறது? ஏரிய ஒரு சுத்து வந்துடலாமா?"

தணிகாசலம் நின்றார். முன்னும் பின்னும் பார்த்தார். கருவேல முட்களையும் ஒரு காக்காயையும் தவிர யாருமில்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்தினார்.

"மாரி, இது நம்ம ரெண்டு பேரோட இருக்கணும். சார் ஏரியச் சுத்தறதே இல்ல. கரை மேல தாயாரம்மா கடைக்குப் போறாரு."

"போண்டாக் கடைக்கா?"

"போண்டா, மசால் வடை, அதிரசம். தெனமும். நான் ஒரு நாள் நேராப் பாத்துட்டேன். வாயில ஒரு போண்டா, கையில ஒரு போண்டா. என்னைப் பாத்து இன்னா சொன்னாரு தெரியுமா? 'தணிகாசலம், உன் வேல நிரந்தரமாவணும்னா உன் வாயும் நிரந்தரமா மூடியிருக்கணும்'னாரு."

"அய்யய்யோ. மேடம் அவருக்கு வூட்ல பாவக்கா ஜூஸு குடுக்கறாங்களாமே."

"அதான்யா சொல்றேன். மேடம் காதுல வுழுந்தா அவரு காலி. அவரு காலின்னா நானும் காலி. மூச்சு வுடாத."

மாரி தன் வாயைக் கையால் பொத்திக் காட்டினான்.

ஏரிக்கரையில் தாயாரம்மாள் கடாயிலிருந்த எண்ணெயை வடித்துக்கொண்டிருந்தாள். தணிகாசலம் கேட்டதும் அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"வந்தாரே! ஒம்போது மணிக்கே வந்தாரு. ஏழு போண்டா, நாலு அதிரசம். இன்னிக்கு பூசைக்குப் பொண்டாட்டி வராளாம், அவ வந்துட்டா ஒரு பருக்கையக்கூட எண்ணித்தான் போடுவாளாம். சொல்லிச் சொல்லித் துன்னாரு பாவம். அப்பறம் அந்த பெஞ்சிலயே படுத்து ஒரு தூக்கம்."

"யக்கா, மெதுவா பேசுங்க!"

"இந்த ஏரிக்கரையில எவன் கேக்கப் போறான்?"

"சரி, இப்ப எங்க?"

"முழிச்சதும் கை கழுவ ஏரியில எறங்கினாரு. இந்தப் பக்கம் திரும்பி வரல."

தணிகாசலம் மாரியின் கையைப் பிடித்து இழுத்தார். இருவரும் கரையிறங்கி ஓடினார்கள். தண்ணீர் ஓரத்தில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. இன்னொன்று கொஞ்ச தூரத்தில் மிதந்தது. மழை இரண்டு முறை பெய்திருந்ததால் ஏரியில் ஓரளவு தண்ணீர் இருந்தது. எவ்வளவு ஆழம் என்று கலங்கிய தண்ணீர் சொல்லவில்லை.

"மல்லிகை! மல்லிகை! அவசரம்!" தணிகாசலம் கரை மேல் ஏறி, செட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் கத்தினார். பதில் இல்லை. "ச்சே, செட்டு வேற கொதிக்குதுய்யா."

"வெயிலு சார்" என்ற மாரி, கம்பெனிப் பக்கம் காதைத் திருப்பினான். "பாட்டு நின்னுபோச்சு பாத்தீங்களா? மைக்குல யாரோ ஆம்பள பேசுறாப்ல கீது."

"பூசாரி மந்திரம் சொல்றாருய்யா."

காற்றில் ஓவென்று கூட்டத்தின் இரைச்சல் வந்தது. தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "அழுவறாங்க மாரி. அவங்களுக்கு மனசுல தோணியிருக்கும்."

அவர் ஷூவைக் கழற்றினார்.

"சார், உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"மிலிட்டரியில சொல்லித் தரலியா?"

தணிகாசலம் தண்ணீரைப் பார்த்தார். உள்ளே போகிறவன் வெளியே வருவானோ மாட்டானோ. பொய்யோடு போக அவருக்கு மனம் வரவில்லை.

"மாரி, நான் பனிமலையப் பாத்ததே காலண்டர்லதான். பதினஞ்சு வருஷம் மிலிட்டரி ஸ்டோர்ல பருப்பு அளந்தேன். துவரம்பருப்பு, கடலப்பருப்பு. கனகத்துக்கே இது தெரியாது. வூட்ல பருப்பு அளந்து குடுக்கச் சொன்னா, எனக்கு இதெல்லாம் இன்னா தெரியும்னுட்டு பேப்பர் படிப்பேன்."

"அப்ப எறங்காதீங்க சார்!"

"எப்பிடிய்யா எறங்காம இருக்கிறது? நான் கம்பெனிக்கு வந்த மொத நாள் எல்லாரும் சல்யூட் ஒழுங்கா கீதான்னு பாத்தாங்க. சாப்டியான்னு கேட்டது அந்த மனுஷன் ஒருத்தர்தான். அவரு இல்லாம போயி அந்தம்மா மொகத்துல எப்பிடி முழிப்பேன்? நிரந்தரமும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம். ஆளு கெடச்சா போதும்."

செட்டை நனையாமல் ஒரு கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, முருகா என்று கால் வைத்தார். இரண்டடி வைத்தார். நாலடி வைத்தார். பத்தடி போன பிறகும் தண்ணீர் முழங்காலில்தான் இருந்தது. அப்போது பக்கத்தில் ஒரு கறுப்புத் தலை மெல்ல மேலே வந்தது.

"சார்! நீங்களா?" என்று தணிகாசலம் அலறினார்.

எருமை அவரை வெறித்துப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

"யோவ்! என் செருப்ப இன்னாய்யா பண்றீங்க?" மேட்டில் தூண்டிலோடு ஒரு ஆள் நின்றான்.

"இது உன் செருப்பா? இங்க ஒரு பெரிய மனுஷன் கை கழுவ வந்தாரே, பாத்தியா?"

"ஸ்பிரிங் கம்பெனி மேனேஜரா? அவரு அப்பவே கை கழுவிட்டு, பூசைக்கு லேட்டுன்னு அலறிக்கினு, பனந்தோப்பு வழியா உங்க பின்கேட்டுக்கு ஓடினாரே."

தணிகாசலம் சேற்றிலேயே தொப்பென்று உட்கார்ந்தார். ஆள் உயிரோடு இருக்கிறார் என்ற சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் சிரித்தார். பயம் போனதும் பழைய புத்தி திரும்பிவிட்டது.

"மாரி, கேளு. நாம வெறுங்கையோட போகக் கூடாது. சார் ஏரிக்கரையில முட்டி போட்டு ஜெபத்துல இருந்தாரு. நான்தான் காலடித் தடத்த வெச்சிக் கண்டுபுடிச்சு, குறுக்கு வழியா அனுப்பி வெச்சேன். மேடம் கேட்டா நீயும் இதையேதான் சொல்லணும்."

"ஜெபம், முட்டி, காலடித் தடம்" என்று மாரி மனப்பாடம் செய்தபடியே நடந்தான்.

அவர்கள் கேட்டை நெருங்கியதும் கூம்பு ஸ்பீக்கர் கீயென்று காது கிழிய ஒரு ஊளை விட்டது. தாவீது ஓடிப்போய் எதையோ அணைத்தான். தணிகாசலம் அதைத் தனக்கான வரவேற்பாக எடுத்துக்கொண்டார். தவறில்லை. கூட்டம் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது.

"சிங்கம் வந்துடுச்சு!"

பூசணிக்காய் எப்போதோ உடைந்து கேட்டருகே சிவப்பாகக் கிடந்தது. எல்லோர் கையிலும் சுண்டல். மேனேஜர் ஆபிரகாம் மட்டும் நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்து வெள்ளரிக்காய்த் துண்டு ஒன்றை மென்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பச்சை நிறத்தில் ஏதோ ஒன்று நிறைந்த டம்ளர். அதற்குப் பக்கத்தில் செல்வமேரி.

தணிகாசலம் ஈரப் பேன்ட்டோடு சல்யூட் அடித்தார்.

"மேடம், ஆபரேஷன் சக்சஸ். சார் ஏரிக்கரையில முட்டி போட்டு..."

"ஜெபத்துல இருந்தாரு!" என்று பத்துப் பதினைந்து குரல்கள் முடித்து வைத்தன.

தணிகாசலத்துக்கு வியர்த்தது. இவர்களுக்கு யார் சொன்னது? மாரியைப் பார்த்தார். "நான் உங்க கூடவேதான சார் கீறேன்" என்றான் மாரி.

கனகம் சுண்டலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "நாளைலேர்ந்து வூட்ல பருப்பு நீங்கதான் அளக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மேனேஜர் ஒரு கவரை எடுத்து நீட்டினார். "நிரந்தரம். கையெழுத்துப் போட்டாச்சு. என் மானத்த வாங்கிட்ட தணிகாசலம். ஆனா நீச்சல் தெரியாதவன் எனக்காகத் தண்ணியில எறங்கினியே, அதுக்காக."

தணிகாசலம் கவரை வாங்கிக்கொண்டார். சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. நீச்சல் தெரியாதது இவருக்கு எப்படித் தெரியும்?

கேன்டீன் பாஞ்சாலி ஒரு தொன்னைச் சுண்டலோடு வந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்த செட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, பரிதாபப்பட்டுச் சொன்னாள்:

"சார், நீங்க கேட்டத் தாண்டினதுலேர்ந்து பேசினது அத்தினியும் தாவீது மைக்கு முன்னாடி வெச்ச செட்டுல நாங்க கேட்டுக்கினேதான் இருந்தோம்; நாளைலேர்ந்து மேனேஜர் சார் வாக்கிங் போனா கூடவே போற டூட்டி உங்களுதாம், பட்டன அமுக்கினபடியே புடிச்சிக்கினு கீற அந்தச் சந்தனத்த மட்டும் தொடைக்கவே கூடாதுன்னு மேடம் சொல்லச் சொன்னாங்க."