ஆடிக்கு முந்தின நாள் விழாத கியர்

"கர்ர்ர்ர்" என்று கார் மறுபடியும் கத்தியது. கியர் விழவில்லை.

வரதன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தான். பின் சீட்டில் மாமனார் திருவேங்கடம் குடையை ஊன்றி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், மடியில் தகரப் பெட்டியோடு ராணி. வைகாசியில்தான் கல்யாணம். விடிந்தால் ஆடி. புதுப்பெண் புருஷன் வீட்டில் இருக்கக்கூடாத மாதம் என்பதால், மகளை அழைத்துப்போக நூம்பலிலிருந்து மாட்டுவண்டியில் வந்திருந்தார் மாமனார்.

"மாட்டுவண்டி எதுக்கு மாமா? நான் கார்ல கொண்டாந்து உடறேன்" என்று மார்தட்டியவன் வரதன். கார் அவனுடையது இல்லை. அவன் டிரைவர் வேலை பார்க்கும் முதலியாருடையது. உலக யுத்தக் காலம், பெட்ரோல் கூப்பனுக்கு நாய் படாத பாடு. இருந்தும் முதலியார் பெரிய மனசு பண்ணிக் கொடுத்திருந்தார்.

மார்தட்டியது ஊருக்கு. உள்ளே இருந்த ஆசை வேறு. காரில் போனால் கோவில்பதாகையிலிருந்து நூம்பல் வரைக்கும் அந்தக் கண்ணாடியில் ராணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம். மாட்டுவண்டியில் போய்விட்டாளானால் அதுவும் போச்சு. அப்புறம் ஆடி முழுக்க அந்த முகம் கிடையாது. பாவம், வேறென்ன பெரிதாகக் கேட்டான் அவன்?

"இன்னா மாப்ளே, மாட்டைப் பூட்டச் சொல்லட்டுமா?" என்றார் மாமனார்.

"வோணாம் மாமா! கிளட்ச்சு மிதி பாதியில நிக்குது, அவ்ளோதான். எண்ணெய் போட்டா சரியாப் பூடும்."

வாசலில் நின்ற அவன் அம்மா முத்தம்மாள் கத்தினாள். "இன்னும் போவலியாடா? இருட்டறதுக்குள்ள இட்டுகினு போ! இவ போனாத்தான் என் ஊட்ல நிம்மதி. காலையிலேர்ந்து என் வெத்தல உரலைக் காணோம். அடியே ராணி, உன் பொட்டியில கெடக்குதான்னு பாரு!"

மாமியாருக்கும் மருமகளுக்கும் தினம் ஒரு பஞ்சாயத்து. உப்பு கூடினால் சண்டை, கோலம் கோணினால் சண்டை. சாப்பிட உட்கார்ந்ததும் வரதன், "இடது காலாண்ட கீறது கிளட்ச்சு. அது முழுசா அழுந்தலைன்னா கியர் வுழாது" என்று இரண்டு பேருக்கும் பாடம் நடத்துவான். அதைக் காதில் வாங்காமல் சண்டை போட்டுக்கொண்டே பரிமாறுவார்கள்.

ராணி பெட்டியைத் திறந்து காட்டினாள். புடவை, சீப்பு, மஞ்சள் கிழங்கு. உரல் இல்லை.

வரதன் விளக்கெண்ணெயைக் கொண்டுவந்து மிதிக்கட்டையின் மூட்டில் ஊற்றினான். மிதி அசையவில்லை. அவன் செருப்புதான் வழுக்கியது. நாற்றத்தில் மாமனார் குடையோடு இறங்கிவிட்டார்.

"இஞ்சினை அணைச்சிட்டுக் கியரைப் போட்டுக்கறேன். அப்புறம் கிளப்பினா ஓடிப்பூடும்" என்று புது யோசனை சொன்னான் வரதன். மாமனாரின் வண்டிக்காரன் வேம்புலி, காரின் முன்னால் நின்று இஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றினான்.

கார் கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் வேம்புலியின் மேலேயே பாய்ந்தது. "ஐயோ அண்ணாத்தே!" என்று அவன் துள்ளி விலகினான். கார் நேரே போய் வைக்கோல் போரில் தலையை நுழைத்துக்கொண்டு நின்றது. உள்ளேயிருந்து ஒரு கோழி ஊரைக் கூட்டியது. பின் சீட்டில் ராணி தலையெல்லாம் வைக்கோலோடு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மாமனாரின் மாடுகள்தான் காரை வெளியே இழுத்தன.

"நம்ப மாட்டுக்குக் கியர் இல்ல அண்ணாத்தே" என்றான் வேம்புலி.

"போதும் மாப்ளே. பொழுது சாயுது. ராணி, இறங்கும்மா" என்றார் மாமனார்.

வரதன் கீழே குதித்தான். "ஒரே ஒரு நிமிஷம் மாமா!" என்று தரையில் மண்டிபோட்டு, மிதிக்கட்டைக்குக் கீழே விரித்திருந்த கயிற்றுப் பாய்க்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். கனமாக ஏதோ தட்டுப்பட்டது.

அம்மாவின் வெற்றிலை உரல்.

ஒரு கணம் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் காது வரைக்கும் சிவந்துபோனான். நிமிர்ந்து ராணியைப் பார்த்தான். அவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அடி கள்ளி! என்னைவிட்டுப் போக மனசில்லாமல் இந்த வேலை செய்தாயா?

"இன்னா மாப்ளே அது?"

"ஒண்ணுமில்ல மாமா, கல்லு" என்று உரலைக் காக்கி நிஜார் பையில் போட்டுக்கொண்டான்.

கியர் வெண்ணெயாக விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் முத்தம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். விளக்கெண்ணெய் நாற்றம் தாங்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டான் வரதன்.

வழியெல்லாம் அவன் சாலையைப் பார்த்ததைவிடக் கண்ணாடியைப் பார்த்ததுதான் அதிகம். எதிரே வந்த மிலிட்டரி லாரிக்காரன் திட்டியதுகூட வாழ்த்தாகக் காதில் விழுந்தது. தனக்காக ஒரு காரையே நிறுத்தப் பார்த்தவள் பெண்டாட்டியாக வாய்த்தவன், ஆவடி வட்டாரத்திலேயே தான் ஒருவன்தான் என்று தோன்றியது.

நூம்பலில் மாமனார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனதும், வரதன் உரலை எடுத்து ராணியின் கையில் வைத்தான்.

"பிரியறதுக்கு இவ்ளோ கஸ்டமா இருந்தா என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா ராணி? உரலைக் கொண்டாந்து கிளட்ச்சுக்கடியில வெக்கலாமா?"

ராணி உரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது, கூடவே சிரிப்பும் வந்துவிட்டது.

"நானா வெச்சேன்? காலையில எனக்குத் தலை வாரிகினே அத்தைதான், 'அந்த மூணு மிதியில எத அடைச்சா வண்டி நவுராதுடீ'ன்னு கேட்டாங்க... இடது பக்கம்னு நான் சொன்னதோட சரி."