ரயிலை விட்டு இறங்காதவள்

கடைசி அத்தியாயத்தில் நான் விட்ட கொட்டாவியை ஒலித்தொகுப்பாளர் வெட்டினாரா, இல்லையா?

காலையிலிருந்து அவளுக்கு இதே நினைப்பு. அவள் வாசித்த நாவல் ஒலிப்புத்தகமாக வெளியாகிவிட்டது. கேட்டுப் பார்க்கப் பயம்.

"இனிமே யாரும் படிக்க மாட்டாங்க, காதுலதான் கேப்பாங்க" என்று பதிப்பக முதலாளி முடிவெடுத்தபோது, குரல் கொடுக்க வெளியாளை வைக்க வசதியில்லை. மெய்ப்புப் பார்க்கும் அவளைப் பிடித்தார். "நீங்கதாம்மா தப்பில்லாம வாசிப்பீங்க."

எதிரொலி வராமலிருக்க, கிடங்கில் விற்காமல் கிடந்த அதே நாவலின் கட்டுகளைச் சுவர்போல அடுக்கி நடுவில் உட்காரவைத்தார்கள். ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும் அவளையறியாமல் புலம்பல் வந்தது: "ஐயோ, இவ இன்னும் ரயிலை விட்டே இறங்கலையே!"

எழுதியவர் லேசுப்பட்டவரில்லை. பதிப்பகத்தின் பாதிப் புத்தகங்கள் அவருடையவை. அவர் கோபித்துக்கொண்டு போனால் கடையை மூட வேண்டியதுதான். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

ஒலியைத் தொகுக்கும் வழுக்கைத் தலையரிடம் ஓடினாள். "அண்ணே, என் புலம்பலையெல்லாம் வெட்டிட்டீங்கதானே?"

"நீ கேட்டுச் சரிபார்த்திருப்பேன்னு நினைச்சேம்மா."

"அப்போ அது அப்படியே வெளியாயிடுச்சா!"

"பதறாதே. இப்பவே வெட்டி மாத்திடறேன்."

மாற்றினார். போட்டுக் கேட்டார். "அம்மாடி... வெட்டின துண்டுகளை ஏத்திட்டேன் போலிருக்கு. நாவல் போச்சு. நீ மட்டும்தான் இருக்கே."

அதற்குள், வாங்கியவர்கள் அனைவருக்கும் 'திருத்திய பதிப்பு தயார்' என்று ஒலிப்புத்தகச் செயலி தானாகவே செய்தி அனுப்பிவிட்டது. எழுத்தாளருக்கும்தான்.

செயலி நடத்துபவர்களை அழைத்து, புத்தகத்தையே எடுத்துவிடும்படி கெஞ்சினாள்.

"உங்க முதலாளி சொல்லணுமே மேடம். இருங்க, அவரையே கேட்டுடறோம்."

"வேண்டாங்க, அவரை மட்டும்..." அழைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

சற்று நேரத்தில் மாடியில் முதலாளியின் அறைக்கு வரச்சொன்னார்கள். படியேறினாள். வீட்டில் என்ன சொல்வது? யாரிடம் போய் வேலை கேட்பது?

உள்ளே எழுத்தாளர் காதில் கருவியோடு கண்மூடி உட்கார்ந்திருந்தார். முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிடுங்க சார்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

எழுத்தாளர் கண்ணைத் திறந்தார். கண் கலங்கியிருந்தது. "என் நாவலைக் கடைசிவரைக்கும் படிச்ச ஒருத்தரை இன்னைக்குத்தாம்மா பாக்கறேன்."

தலையணைத் தடிமனில் ஒரு கையெழுத்துப் பிரதியை அவள் பக்கம் தள்ளினார். "அடுத்த நாவல். ஒவ்வோர் அத்தியாயத்துக்குப் பின்னாடியும் ஒரு பக்கம் வெறுமையா விட்டிருக்கேன். நீங்க புலம்பறதுக்கு."

முதலாளி கண்ணாலேயே கெஞ்சினார்.

முதல் பக்கத்தைப் புரட்டினாள். முதல் வரியில் ஒருத்தி ரயில் ஏறினாள்.

பிரதியை மெல்ல மூடிவைத்தாள்.

"வேணும்னா வேலையை விட்டுடறேன் சார்."