மில் வாசல் சுற்று

"ஆளே ஏறாத இடத்துக்கு வண்டி எதுக்குய்யா போகுது?"

மேனேஜர் இப்படிக் கேட்டதும் டிரைவர் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் தன் டிக்கெட் பையைப் பார்த்தார். பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக், வெளியே நீட்டியிருந்த கால்களை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார்.

கம்பெனியில் இருப்பதே இரண்டு பஸ். ஒன்றாம் நம்பர் ஆஸ்பத்திரிக்குப் போகும், இரண்டாம் நம்பர் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும். தண்ணீர்த் தொட்டியில் கடைசிப் பயணியும் இறங்கிவிடுவார். ஆனாலும் பஸ் அங்கே திரும்பாது. காலி சீட்டுகளைச் சுமந்துகொண்டு இன்னும் கொஞ்ச தூரம் போய், என்றோ மூடிவிட்ட நூல் மில்லின் வாசல் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் திரும்பும். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

மேனேஜர் முதலாளியின் மருமகன். இருந்த பேங்க் வேலையை விட்டுவிட்டு, மாமனாரின் நாற்காலியை நம்பி வந்தவர்.

"மாசக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன் மாப்பிள்ளை. டீசல் செலவு குறைஞ்சா ஆபீஸ் சாவி உங்க கையில. இல்லேன்னா பேங்க்லயே திரும்பக் கேட்டுப் பாருங்க" என்று மாமனார் சாப்பாட்டு மேசையில், மகள் எதிரிலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"நாளையிலேர்ந்து தண்ணித் தொட்டியிலயே திருப்பிடுங்க. பக்கத்துல சந்து இருக்குல்ல?"

"அது வந்து சார்..." டிரைவர் தலையைச் சொறிந்தார். "இது முதலாளி சம்பந்தப்பட்ட விஷயம். நாங்க வாயைத் திறந்தா நல்லா இருக்காது."

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

பேசவில்லை. மாமனாரிடம் பேசுவதென்றால் முதலில் தைரியம் சேர வேண்டும். அது இன்னும் சேர்ந்தபாடில்லை.

மறுநாள் இரண்டாம் நம்பர் வழக்கத்தைவிடத் தாமதமாக, உடம்பெல்லாம் சேறாக வந்து நின்றது.

"எங்கேய்யா போனீங்க?"

"தண்ணித் தொட்டியில திருப்பச் சொன்னீங்களே, திருப்பினோம் சார்."

"எப்படி?"

"ஏரியைச் சுத்தி."

"சந்து என்னய்யா ஆச்சு?"

"சந்து சின்னது சார், வண்டி பெரிசு" என்றார் கண்டக்டர், உலக உண்மையைச் சொல்பவர்போல.

டீசல் முன்பைவிட அதிகம் குடித்திருந்தது. மேனேஜர் அசரவில்லை. சந்து முனையில் சைக்கிள் கடை வைத்திருந்தவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, கடையை நாலடி தள்ளிப் போடச் செய்தார். அடுத்த நாள் அவரே போய் நின்று பார்த்தார்.

பஸ் மூக்கை நீட்டிச் சந்துக்குள் அழகாக நுழைந்தது. நின்றது. பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி, முன்பக்கம் போய்க் கை வைத்து, பஸ்ஸை வந்த வழியே வெளியே தள்ளினார்கள். தள்ளியவர்களில் ஒரு வக்கீலும் இருந்தார்.

"எதுக்குய்யா தள்ளுறாங்க?"

"டீசல் மிச்சம் சார்" என்றார் கண்டக்டர். "நீங்கதானே சிக்கனமா இருக்கச் சொன்னீங்க?"

மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு விசுவாசமா! ஆனால் அந்த விசுவாசம் பயணிகளுக்கு இல்லை. "காசும் கொடுத்து வண்டியையும் தள்ளணுமா?" என்று வக்கீல் ஆட்டோவில் ஏறினார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் ஏறிவிட்டார்கள்.

வசூல் படுத்துவிட்டது. அதைச் சரிக்கட்ட, ஷெட்டின் பின்வாசலைப் பூட்டி ஒரு காவலாளியைக் குறைத்தார். அந்த ஷெட்டுக்கு எதற்கு முன்னும் பின்னும் வாசல் என்று அவருக்கு விளங்கியதே இல்லை. மறுநாள் காலை இரண்டாம் நம்பரின் முதல் டிரிப் கிளம்பவில்லை.

"பின்வாசலைத் திறந்தாத்தான் சார் வண்டி வரும்" என்றார் டிரைவர். "அதுக்கு அப்படியே பழகிடுச்சு."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக எல்லாம் முடிந்திருந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் கொட்டினார்.

"எதைக் கேட்டாலும் முதலாளி சம்பந்தப்பட்ட விஷயம்னு மென்னு முழுங்குறாங்க!"

"இதுகூடவா புரியலை?" என்றாள் மனைவி. "அந்த மில் மேல அப்பாவுக்கு ஏதோ பாசம். நீங்க போயும் போயும் அதுல கை வச்சிருக்கீங்க!"

மேனேஜருக்குப் பகீரென்றது. மாதம் முடிய இரண்டே நாள். காலையில் முதல் வேலையாகப் பழைய ரூட்டைத் திருப்பிக் கொடுத்தார். பின்வாசலைத் திறந்தார். அதோடு மில் மைதானத்துச் சுவரில் ஒரு பலகையும் மாட்டினார்: 'நம் முதல் பயணிகளான மில் தொழிலாளர் நினைவாக, இவ்வாசலைத் தொடாமல் நம் பஸ் திரும்பாது.'

பலகையைத் திறந்து வைக்க மாமனார் காரில் வந்து, அதன் மூக்கு சுவரை உரசுகிற மாதிரி நிறுத்தினார். கம்பெனி ஆட்களோடு பஸ்ஸும் வந்தது.

"போட்டோவுல காரும் பஸ்ஸும் விழணும். இன்னும் கிட்ட வா, வா!" மேனேஜர் கையாட்டினார்.

"இதுக்கு மேல வேண்டாமே சார்" என்றார் டிரைவர்.

"வாய்யா!"

பஸ் காரின் முதுகை முட்டாத குறையாக வந்து நின்றது.

முதலாளி துணியை விலக்கிப் பலகையைப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"யார் சொன்னது மாப்பிள்ளை? மில் ஆளுங்க ஒருத்தன்கூட நம்ம வண்டியில ஏறினதில்லை. எல்லாரும் சைக்கிள்! நான் வாங்கின முதல் வண்டிக்கு ரிவர்ஸ் கியர் விழாது. வளைச்சுத் திருப்ப இந்த மைதானத்தை விட்டா வேற இடம் ஏது? அதுக்குப் போட்ட ரூட்டு இது."

மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப நான் நிறுத்தினது சரிதானே மாமா?"

"நூத்துக்கு நூறு சரி! அந்த வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டே எவ்வளவு காலமாச்சு! இன்னும் இங்க வந்து டீசலைக் கொட்டுறாங்கன்னா எவ்வளவு கொழுப்பு இருக்கணும்! டிரைவர், கண்டக்டர் ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்புங்க. நாளைக்கே சாவியை வாங்கிக்குங்க." காரில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். "ஏம்ப்பா, பஸ்ஸைக் கொஞ்சம் பின்னால எடு. நான் கிளம்பணும்."

டிரைவர் அசையவில்லை. கண்டக்டர் டிக்கெட் பையைப் பார்த்தார். மெக்கானிக் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டே கார் ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார்.

"எடுக்க முடியாதுங்க முதலாளி. பழைய வண்டியைக் காயலான் கடைக்குப் போடறப்ப, 'முன்னால போற நாலு கியரும் நல்லாத்தானே இருக்கு'ன்னு, அதோட கியர்பாக்ஸைக் கழட்டி இந்த வண்டியில மாட்டச் சொன்னது நீங்கதானே?"