ஸ்டிக்கர் பொட்டும் ஆயிரத்து இருநூறு வால்வுகளும்

அடுத்தவர்களுக்காக நோட்டீஸ் எழுதி ஒட்டுகிறவர்கள் அதைத் தாங்கள் படிப்பதில்லை. எழுதினதே நாம்தானே, இனி எதற்குப் படிப்பது என்று ஒரு திமிர். நான் அந்த ரகம். மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனியின், தூசி துரும்பு நுழையக் கூடாத கிளீன் ரூம் வாசலில், 'வளையல், மோதிரம், பூ, பொட்டு அணிந்து உள்ளே வரக் கூடாது' என்று கன்னடத்திலும் தமிழிலும் எழுதி, லேமினேட் செய்து, நான்கு மூலையிலும் டேப் ஒட்டியவள் நானேதான்.

எட்டு வருடத்துக்கு முந்தைய கதை. எனக்கு வயது இருபத்தாறு. சலைன் ஏற்றும் குழாயில் பொருத்துகிற ஒரு சின்ன வால்வைச் செய்து கொடுப்பது எங்கள் கம்பெனியின் வேலை. மருந்து நோயாளியின் பக்கம் போகலாம், ரத்தம் திரும்பி மேலே ஏறக் கூடாது, அதற்கான ஒருவழி வால்வு. அதன் உயிர் உள்ளே இருக்கும் சிலிகோன் டிஸ்க். பால் வெள்ளை நிறம், சட்டைப் பொத்தானைவிடச் சிறிசு. மூச்சு விட்டால் பறக்கும், தும்மினால் காணாமல் போகும்.

அதுவரை ஏழு பெண்கள் இடுக்கியால் ஒவ்வொரு டிஸ்காக எடுத்து நீல நிற மூடிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் ருக்மணியக்கா. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கத்து ஆள். அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. அந்த வேலையை இயந்திரத்துக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஓர் அதிரும் கிண்ணம். அதில் டிஸ்குகளைக் கொட்டினால், உள்சுவரைச் சுற்றி மேலே போகும் பாதையில் எறும்பு வரிசை மாதிரி ஏறும். கவிழ்ந்து வருவதும், ஒன்றின் மேல் ஒன்று ஏறி வருவதும் வழியிலேயே கீழே விழுந்துவிடும். ஒழுங்காக வருவதை ஓர் உறிஞ்சு குழல் எடுத்து மூடிக்குள் வைக்கும். மேலே இருந்து ஒரு கேமரா பார்த்துச் சரி என்றால் அடுத்த நிலையத்தில் மூடி நிரந்தரமாக ஒட்டப்பட்டுவிடும்.

எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது. ஆறு மாதம் அந்தக் கிண்ணம் என்னை ஆட்டி வைத்தது. (கிண்ணம் அதிர்ந்ததைவிட நான் அதிர்ந்தது அதிகம்.) டிஸ்குகள் மின்னூட்டம் ஏறி, சினிமாவில் கதாநாயகி தூணைப் பிடித்துக்கொள்வதுபோலக் கிண்ணத்தின் சுவரைப் பிடித்துக்கொள்ளும். ஒன்று நின்றால் பின்னால் வருகிற வரிசை மொத்தமும் நின்றுவிடும்.

வால்வை வாங்கப் போகிற சென்னைக் கம்பெனியின் தர அதிகாரி நேரில் வருவதாகச் சொன்னார்கள். பெயர் பத்மநாபன். நிபந்தனை ஒன்றே ஒன்று. ஒரு மணி நேரம் இயந்திரம் நிற்காமல் ஓட வேண்டும், யார் கையும் அதில் படக் கூடாது. ஓடினால் ஆர்டர். ஓடாவிட்டால் அந்த ஆர்டர் எங்கள் போட்டிக் கம்பெனியான புனேக்காரர்களுக்குப் போய்விடும், நானும் எங்கேயாவது போக வேண்டியதுதான்.

அன்று காலை ஸ்கூட்டரைக் கிளப்பும்போது அம்மா வாசலுக்கு ஓடி வந்தார். நான் வேலைக்குப் பொட்டில்லாமல் போவது அம்மாவுக்கு நெடுநாள் மனக்குறை.

"நில்லுடி. இவ்வளவு பெரிய நாள், மொட்டை நெத்தியோட போவியா?"

"அம்மா, லேட்டாயிடுச்சு, பிடு."

"பிடு கிடுன்னு கன்னடத்துல பேசினா விட்டுடுவேனா? தலையைக் காட்டு."

தேவராஜ மார்க்கெட்டில் வாங்கிய அட்டையிலிருந்து ஒரு அரக்கு நிறப் பொட்டை உரித்து, நெற்றியில் வைத்து, கட்டை விரலால் அழுத்தினார். ஹெல்மெட் போட்டேன், கிளம்பினேன், மறந்துபோனேன். தினமும் வைப்பவளுக்குத்தான் தினமும் எடுக்கத் தோன்றும்.

பதினொரு மணிக்கு ஆரம்பம். பத்மநாபன் ஒல்லியாக, உயரமாக, முகக்கவசத்துக்கு மேலே கண்ணாடி மட்டும் தெரிய நின்றார். வணக்கம் சொன்னதோடு சரி, வேறு பேச்சில்லை. எங்கள் மேலாளர் மஞ்சுநாத் அவருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார். "ஷுரு மாடோணா, வித்யா?" ஆரம்பிக்கலாமா என்று அவர் கேட்டதும் பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

நிமிடத்துக்கு இருபது வால்வு. பத்து நிமிடம் ஓடியது. இருபது ஓடியது. டிஸ்குகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக ஏறிப் போயின. நான் மூச்சு விடவில்லை. முப்பத்தைந்தில் முதுகு நனைந்துவிட்டது. கையுறை போட்ட விரலால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டேன். (அதுவும் செய்யக் கூடாது. அந்த நோட்டீஸையும் நான்தான் ஒட்டியிருந்தேன்.)

நாற்பதாவது நிமிடம், பாதையின் கடைசி வளைவில் ஒரு டிஸ்க் நிமிர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது.

பின்னால் ஒன்று வந்து முட்டியது. இன்னொன்று முட்டியது. உறிஞ்சு குழலுக்கு முன்னால் இன்னும் ஐந்தாறு டிஸ்க்தான் பாக்கி. அது தீர்ந்தால் இயந்திரம் நின்று, மேலே சிவப்பு விளக்கு எரியும். இருபது விநாடிகூட இல்லை. நான் அந்த டிஸ்கையே பார்த்தேன். விழு, விழு என்று மனதுக்குள் கெஞ்சினேன். அது விழுகிற வழியாக இல்லை. மஞ்சுநாத் ஏதோ ஒரு பைப்பைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார், பத்மநாபனின் தலை அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

என் கை தானாகப் போயிற்று என்று எழுத ஆசைதான். தானாகப் போகவில்லை. நான்தான் நீட்டினேன். ஆள்காட்டி விரலால் அந்த டிஸ்கை ஒரு அழுத்து அழுத்தித் தட்டிவிட்டேன். அது கிண்ணத்துக்குள் விழுந்து மற்ற நூற்றுக்கணக்கான டிஸ்குகளோடு கலந்தது. வரிசை நகர்ந்தது. பத்மநாபன் திரும்பியபோது நான் கைகட்டி நின்றேன், கோயிலில் தீபாராதனைக்கு நிற்பவள் மாதிரி.

ஒரு மணி நேரம் முடிந்தது. ஆயிரத்து இருநூறு வால்வு, நூறு நூறாகப் பன்னிரண்டு தட்டு. "நல்லா ஓடுது," என்றார் பத்மநாபன். கடைசி நாலு தட்டையும் சோதனைக்குச் சென்னைக்கு எடுத்துப் போவதாகச் சொன்னார். அந்த நானூறையும் பெட்டியில் போட்டு வெளியே கொண்டு போனார்கள். சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்து, பிறகு மதிய ரயில். நான் கிண்ணத்தின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தேன். எனக்கு வேலை நிரந்தரம், அப்பாவுக்கு அடுத்த மாதம் கண் ஆபரேஷன், எல்லாம் சரியாகிவிட்டது.

அப்போது ருக்மணியக்கா என் முகத்தையே பார்ப்பது தெரிந்தது.

"ஏனுங்க மேடம், உள்ளார வர்றப்ப நெத்தியில பொட்டு இருந்துச்சுங்களே."

"எங்க?"

"அதைத்தானுங்க நானும் கேக்கறேன். இப்பக் காணமுங்க."

"பாத்தப்பவே சொல்லியிருக்கலாமேக்கா."

"பெரியவிய எல்லாம் இருந்தாங்க. இன்னிக்கு மட்டும் விசேசமா வெச்சுக்கலாமாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டனுங்க."

கையுறையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். ஆள்காட்டி விரல் நுனியில் அரக்கு நிறத்தில் இரண்டு மூன்று பஞ்சு இழை.

இருவரும் கிண்ணத்தில் மிச்சமிருந்த டிஸ்குகளை வெள்ளைத் தட்டில் கொட்டி இடுக்கியால் ஒவ்வொன்றாகப் புரட்டினோம். இல்லை. தரையில் மண்டியிட்டு டார்ச் அடித்தோம். இல்லை. என் தொப்பி, முகக்கவசம், கோட்டு மடிப்பு, செருப்பின் அடி, எங்குமே இல்லை. மிச்சமிருந்தது ஒரே ஓர் இடம். நான் அழுத்திய அழுத்தில் பொட்டு டிஸ்கோடு ஒட்டி, டிஸ்க் புரண்டு, பொட்டு அடிப்பக்கம் போய், அது மறுபடி வரிசையில் ஏறியிருக்கிறது. மேலிருந்து பார்க்கிற கேமராவுக்கு அடியில் இருப்பது எப்படித் தெரியும்? நாற்பதாவது நிமிடத்துக்குப் பிறகு வந்த அந்தக் கடைசி நானூறில் ஏதோ ஒன்றுக்குள் என் பொட்டு இருக்கிறது. நீல மூடி ஒட்டியாகிவிட்டது, வெளியே தெரியாது.

சொல்லாமல் இருந்தால் என்ன என்று யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன், நன்றாகவே யோசித்தேன். சோதனைக்குப் போகிற பெட்டிதானே, நோயாளிக்குப் போகிறதா என்ன? நானூறையுமா திறக்கப் போகிறார்கள்? சொன்னால் பொட்டு மட்டும் வெளியே வராது, நான் கை வைத்த விஷயமும் வரும்.

ருக்மணியக்கா இடுக்கியைத் துடைத்து வைத்தார். "எங்க வூட்டுக்காரருக்குப் போன மாசந்தானுங்க இதே குழாயில குளுகோஸ் ஏத்துனாங்க," என்றார்.

நான் கிளீன் ரூம் உடுப்போடேயே ஓடினேன். மீட்டிங் அறையில் சாப்பாடு முடிந்து, வெற்றிலை பாக்கு வந்திருந்தது. பெட்டி கதவருகில். பத்மநாபன் பேனாவைத் திறந்து கையில் வைத்திருந்தார்.

"சார், இந்தப் பெட்டியைக் கொண்டு போகாதீங்க."

"ஏன்?"

"அதுக்குள்ள என் பொட்டு இருக்கு, சார்."

மஞ்சுநாத்துக்குத் தமிழ் அரைகுறை. பொட்டு என்றதும் நான் ஏதோ சென்டிமென்டாகப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். "ஏனு ஹேள்தாயித்தீயா?" என்ன சொல்கிறாய் என்று மெதுவாகக் கேட்டார். கன்னடத்தில் ஒரு முறை சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பத்மநாபன் பேனாவை மூடினார். நெடுநேரம் என் நெற்றியைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"ஸ்டிக்கர் பொட்டா, சாந்துப் பொட்டா?"

"ஸ்டிக்கர், சார்."

"விட்டம்?"

"அஞ்சு மில்லிமீட்டர் இருக்கும் சார்."

"அது பௌலுக்குள்ள எப்படிப் போச்சு?"

"நாப்பதாவது நிமிஷம் ஒண்ணு ஒட்டிக்கிச்சு. நீங்க அந்தப் பக்கம் பார்த்தப்ப நான் கையால தட்டிவிட்டேன், சார்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரயில் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுங்க," என்று மஞ்சுநாத்திடம் சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். "திறப்போம்."

நானூறு வால்வு. ஒவ்வொன்றையும் பற்றுக்கருவியில் பிடித்து, பிளேடால் சுற்றி அறுத்து, டிஸ்கை எடுத்துப் புரட்டிப் பார்க்க வேண்டும். நான், மஞ்சுநாத், ருக்மணியக்கா, பத்மநாபன், நால்வரும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். முதல் நூறில் இல்லை. நூற்றைம்பதில் மஞ்சுநாத் விரலை அறுத்துக்கொண்டு பிளாஸ்திரியோடு திரும்பி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. இருநூறைத் தாண்டும்போது எனக்கு ஒரு புதுப் பயம் பிடித்துக்கொண்டது: பொட்டு கிடைக்கவே கிடைக்காவிட்டால்? உள்ளே வரும்போது பொட்டு இருந்ததை அக்கா பார்த்திருந்தும் புத்தி கேட்கவில்லை; ஹெல்மெட்டில் தேடினோமா?

எழுந்து ஓடி ஹெல்மெட்டைப் பார்த்தேன். அதிலும் இல்லை. திரும்பி வந்து அடுத்ததை அறுத்தேன்.

இருநூற்று அறுபத்தேழாவது வால்வு பத்மநாபனின் கையில் திறந்தது. அவர் டிஸ்கை இடுக்கியால் தூக்கி வெளிச்சத்தில் புரட்டினார். வெள்ளை டிஸ்கின் அடியில், மிகச் சரியாக நடுவில், அரக்குப் பொட்டு. அம்மாவே வைத்ததுபோல.

"பொசிஷனிங் சரியாத்தான் இருக்கு," என்றார் பத்மநாபன்.

ருக்மணியக்காதான் முதலில் சிரித்தார். அப்புறம் மஞ்சுநாத். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகை வந்தது. முகக்கவசம் இருந்ததால் பாதி மானம் தப்பியது.

அவர் கையெழுத்துப் போடவில்லை. "மெஷின் நாப்பது நிமிஷம் ஓடுச்சு. அதுக்கப்புறம் ஓடினது நீங்க. அதை நான் பாஸ் பண்ண முடியாதும்மா," என்றார். போகும்போது, "டிஸ்கை ஒட்டிக்க வைக்கிற அந்த ஸ்டாட்டிக்குக்கு ஒரு வழி பண்ணுங்க. அடுத்த மாசம் வர்றேன்," என்று சேர்த்துக்கொண்டார். வருவார் என்று நான் நம்பவில்லை.

மஞ்சுநாத் எனக்குக் கொடுத்த தண்டனை, இரண்டு வாரம் ருக்மணியக்கா பக்கத்தில் உட்கார்ந்து இடுக்கியால் டிஸ்க் வைப்பது. அங்கேதான் கற்றுக்கொண்டேன். அந்தப் பெண்கள் ஒவ்வொரு டிஸ்கையும் எடுக்கும் முன் இடுக்கியை ஈரத் துணியில் ஒற்றிக்கொண்டார்கள். "ஏனுங்கக்கா?" என்று அவர் பாஷையிலேயே கேட்டேன். "இல்லீனா ஒட்டிக்கும்ங்க, வுடாது," என்றார். ஆறு மாதம் பக்கத்து அறையில் நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த பிரச்சினை அது. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. ஈரத் துணிக்குப் பதிலாக, மின்னூட்டத்தைப் போக்கும் காற்றை ஊதுகிற சின்ன விசிறி ஒன்றைக் கிண்ணத்துக்கு மேலே மாட்டினோம். அடுத்த மாதம் பத்மநாபன் வந்தார். கதவருகே நின்று முதலில் என் நெற்றியைப் பார்த்தார். ஒரு மணி நேரம் நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். இயந்திரம் ஓடியது. ஆர்டர் வந்தது. ருக்மணியக்கா அந்த இயந்திரத்துக்குப் பொறுப்பாளர் ஆனார்.

மறு வருடம் எனக்குக் கல்யாணம். வரவேற்பில் மஞ்சுநாத்தும் ருக்மணியக்காவும் மேடையேறி ஒரு சின்ன உறையைக் கொடுத்தார்கள். மருத்துவப் பொருள் அடைக்கிற, சீல் வைத்த உறை. உள்ளே ஓர் அட்டை ஸ்டிக்கர் பொட்டு. மேலே முறைப்படி ஒரு லேபிள்: 'எண்ணிக்கை: பன்னிரண்டு. காணாமல் போனது: இல்லை. சரிபார்த்தவர்:' அதற்கு நேரே பத்மநாபனின் கையெழுத்து. என் கணவர் ஒன்றும் புரியாமல் விழித்தார். அம்மா மைக்கை வாங்கி முழுக் கதையையும் மண்டபத்துக்கே சொன்னார், பொட்டு வைத்துவிட்டது தான்தான் என்பதை மட்டும் விட்டுவிட்டு.

அந்த உறை என் அப்பா வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. யார் வந்தாலும் அப்பா எடுத்துக் காட்டிக் கதையைச் சொல்வார். போன வாரம் என் ஐந்து வயது மகள் அதைப் பிரிக்கப் போனாள். அப்பா சோபாவிலிருந்து எழாமலே சொன்னார்: "குட்டி, பிரிக்கறதுன்னா பிரி. ஆனா பிரிச்சப்புறம் பன்னெண்டும் எங்க இருக்குன்னு சாயந்திரம் உங்கம்மா கையெழுத்துப் போட்டுத் தரணும்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் நெற்றியைப் பார்த்தாள். உறையைத் திரும்ப வைத்துவிட்டாள்.